ஒரு விரற்கடை மிச்சம்

புன்னைத்துறையில் எந்தக் காரியமும் முடியாமல் நின்ற நாட்களைப் பற்றி இன்றைக்கு விசாரித்தால் ஆளுக்கொரு கதை கிடைக்கும், கடற்கரைக்காரர்கள் வாய்க்குப் பஞ்சமா என்ன, ஒருவர் ஏதோ ஒரு வாரம் என்பார், இன்னொருவர் அதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேலே என்று மாதா மேல் சத்தியம் செய்வார். ஆனால் டெல்பின் டீச்சரின் லேப்டாப்பில்தான் அது தொடங்கியது என்பதிலும், சாகக் கிடந்த அவளுடைய அப்பா கஸ்பாருக்கு எண்ணெய் பூசிச் செபம் சொல்லப் பங்குச் சாமியார் வந்திருந்த காலையில்தான் தொடங்கியது என்பதிலும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது.

டெல்பின் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள், வருடா வருடம் புதுப்பித்துத் தருகிற தற்காலிக வேலை. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து அறுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ணி, அந்த மீனுக்கு என்ன வயது என்று சொல்வது அவளுடைய ஆராய்ச்சி. வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்த்தே நுரையீரல் முழுக்கப் புகையை வாங்கிக்கொண்ட கஸ்பார் படுக்கையில் விழுந்ததும் அந்த ஆராய்ச்சியும் படுத்துவிட்டது. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஆக அவரைத் தூக்கி உட்காரவைக்க, சளி எடுக்க, முதுகு நீவ, ராத்திரி இருமும்போது எழுந்து வெந்நீர் வைக்க அவள் ஒருத்திதான். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்களும் உள்ளறையிலிருந்து வந்த இருமலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனவர்கள்தான்.

அப்படி இருக்கையில்தான் கொச்சியில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கவிருந்த பயிலரங்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. காதுக்கல் வளையங்களைக் கண்ணால் எண்ணாமல் கம்ப்யூட்டரே எண்ணும்படி புரோகிராம் எழுதக் கற்றுத்தருவார்கள், நன்றாகச் செய்கிறவர்களை அங்கேயே வேலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: புரோகிராம் எழுதத் தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே லேப்டாப்பில் ஏற்றி, ஏறி முடிந்துவிட்டது என்று காட்டும் திரையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், குறித்த தேதிக்குள் அனுப்பாதவர்களின் இடம் வரிசையில் நிற்பவர்களுக்குப் போய்விடும். ஏற்றும்போது நடுவில் நிறுத்தவோ மூடவோ கூடாது என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு ரத்தினத்தக்கா, நீ போயிட்டு வா, அப்பாவை நான் பார்த்துக்கிடுதேன் என்று சொல்லியிருந்தாள், அவளுடைய மகள் ஜாக்குலின் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வீட்டில் அவளுக்கே வேலை தலைக்கு மேல் இருந்தும்.

வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கஸ்பாரின் கட்டிலை ஒட்டிய ஜன்னல்தான். ஜன்னல் திட்டில் போனை வைத்து, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்து டெல்பின் வேலையைத் தொடங்கினாள். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியை ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்டது, அந்த இன்னொன்று தன்னால் தனியே வர இயலாது என்று வேறு இரண்டைக் கேட்டது, கல்யாண வீட்டுக்கு ஒரு பெரியவரைக் கூப்பிட்டால் மச்சினன் வந்தால்தான் நான் வருவேன் என்பாரே, அந்தக் கதையாக ஒவ்வொன்றும் தன் உறவுமுறையை இழுத்துக்கொண்டு வந்தது. இடம் போதாது என்றது, பாட்டுகளை அழித்தாள். பழையதாய் இருக்கிறது என்றது, புதுப்பித்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டே இருந்தன, அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போனது. கட்டிலில் சாய்ந்தபடி கஸ்பார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சு கிடைத்தபோதெல்லாம் எங்கே நிற்கிறது என்று கேட்டார், டீசல் ஏறவில்லை என்றால் குழாயில் காத்து நிக்கும் என்று தொழில் ஞானத்தையும் எடுத்துவிட்டார். பிறகு கேட்கவும் மூச்சில்லாமல் போனது.

சாமியாரை அழைத்து வந்தார்கள். சாமியார் நற்கருணை கொண்டுவருகிற வீட்டில் கண்ணாடி, டிவி என்று பளபளக்கிற எல்லாவற்றையும் துணி போட்டு மூடுவது புன்னைத்துறை வழக்கம், அந்த நேரத்தில் மனுஷனுடைய கண் வேறெங்கும் போகக் கூடாதாம். பச்சைக் கோடு முடிவை நெருங்கியிருந்தது. மூடவும் கூடாது, மூடாமலும் இருக்கக் கூடாது என்றால் அவள் என்ன செய்வாள், திறந்தபடியே வைத்து மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டு முழங்காலில் நின்றாள். சாமியார் கஸ்பாரின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார், செபத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார், கடைசியில் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார், ஆமென் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரியை மறுபடி சொன்னார், அப்போதும் வரவில்லை, சுற்றி நின்ற பெண்கள் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வரவில்லை. கஸ்பாரின் தொண்டைக்குழியில் வந்து நின்ற உயிரும் அங்கேயே நின்றது, போகவில்லை. டெல்பின் துண்டை விலக்கிப் பார்த்தாள். கோடு முடிய ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

அன்று மத்தியானம் ஊரில் ஒரு வீட்டிலும் சோறு வேகவில்லை, அதாவது வெந்தது, ஆனால் ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் கடுகளவு வேகாமல் நின்றது, எவ்வளவு விறகு வைத்தாலும் அந்தக் கடுகளவு அப்படியே இருந்தது. வலை இழுத்தவர்களுக்கு எல்லாம் ஏறிக் கடைசியில் மீன் கிடக்கும் மடி மட்டும் தண்ணீரை விட்டு மேலே வரவில்லை. டீக்கடையில் பால் சட்டியின் விளிம்பு வரைக்கும் பொங்கி வந்து அங்கேயே நின்றது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடியவில்லை, பிள்ளைகள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், மறுநாளும் அதே பரீட்சை என்று தெரிந்ததும் அழுதார்கள். மாதா கோயிலில் செபமாலை உருட்டியவர்களின் விரல் கடைசி மணிக்குப் போக மறுத்தது. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த சண்டை மட்டும் முன்பு எப்படியோ அப்படியே நடந்தது, அதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சூரியன் தன் பாட்டுக்கு உதித்து மறைந்தது, அது புன்னைத்துறைக்கு வரி கட்டுகிற ஆள் இல்லையே.

ஊர் இதற்கெல்லாம் அசந்துபோகவில்லை. புயலைப் பார்த்தவர்கள், சுனாமியைப் பார்த்தவர்கள், இதையும் இன்னொரு பருவநிலை என்று எடுத்துக்கொண்டார்கள். சோற்றை மத்தால் கடைந்து கஞ்சியாக்கிக் குடித்தார்கள், வலைக்காரர்கள் தண்ணீருக்குள் குதித்து மடியிலிருந்து மீனைக் கையாலேயே அள்ளினார்கள், பெண்கள் சடையின் நுனியைப் பின்னாமல் அப்படியே விட்டார்கள், அதுவே நாகரிகம் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முடிக்க இயலாமல் திணறிய சாமியார் ஒரு கட்டத்தில் பாதி வாக்கியத்திலேயே பீடத்தை விட்டு இறங்கி வந்துவிட, இத்தனை வருஷத்தில் இதுதான் அருமையான பிரசங்கம் என்று ஊரே பாராட்டியது. வெளியூர் போகிறவர்கள்தான் பாவம். பஸ் போகும், போய்க்கொண்டே இருக்கும், தூத்துக்குடியின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஊர் வந்து சேராது. அலுத்துப்போய் வண்டியைத் திருப்பினால் மட்டும் புன்னைத்துறை சட்டென்று வந்துவிடும், ஏனென்றால் திரும்பி வருவது எதையும் முடித்ததாக ஆகாது.

எல்லாரும் வந்து லேப்டாப்பைப் பார்த்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முதலில் கோட்டைப் பார்த்து இன்றைக்கு ஏதாவது நகர்ந்ததா என்று கேட்டு, பிறகு கட்டிலைப் பார்த்துக் கஸ்பாரிடமும் அதையே கேட்டார்கள். கரண்டைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று ஒரு இளவட்டம் கேட்டதற்கு ஊர்க் கமிட்டி கோயில் வளாகத்தில் கூடிப் பேசியது: பாதியில் அறுத்தால் எல்லாம் தொடங்கின இடத்துக்குப் போய்விடும், சோறு அரிசியாகும், அரிசி நெல்லாகும், பிரசவத்துக்குக் காத்திருக்கிறவளுடைய பிள்ளை எங்கே போகும் என்று யார் சொல்வது, ஆகவே அந்த மெஷின் மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, யாராவது வைத்துவிடாமல் டீச்சர் வீட்டை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எங்கும் போக வழியில்லாதவளுக்கு இப்போது தெருவிலும் இறங்க வழியில்லை. கட்டில், ஜன்னல், ஸ்டூல், அடுப்பு, மறுபடியும் கட்டில் என்று அவள் அந்த ஒற்றை அறைக்குள் சுற்றிவந்தாள், போனில் கொச்சியிலிருந்து நினைவூட்டல்கள் வந்து விழுந்தன, உங்கள் படத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அவளுக்கு அது விரற்கடைக் கணக்கில் கண் முன்னாலேயே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

கஸ்பாருக்கோ அந்த நாட்கள் நல்ல நாட்கள். சாவு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டதே தவிர உள்ளே வரவில்லை, வராது என்று தெரிந்ததும் அவருடைய பயம் போய்விட்டது, பயம் போனதும் பேச்சு வந்துவிட்டது. மூச்சு நூலாக ஓடினாலும் அந்த நூலில் கட்டியே எத்தனையோ பேசினார். எந்த வள்ளத்தின் எஞ்சின் எந்த இடத்தில் மக்கர் பண்ணும், டெல்பின் பிறந்த அன்றைக்கு எப்படி மழை, அவளுடைய அம்மா எப்படிப் பொய்க் கோபம் கொள்வாள் என்று பேசினார். இத்தனை வருஷமாக இருமலும் மாத்திரையும் தவிர அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் வேறு பேச்சே இல்லாதிருந்தது டெல்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைத் துடைத்துவிடும்போது அவர் அவளைக் கேலி செய்தார், அவள் சிரித்தாள். சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாக்குலின் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலி எடுத்ததும் அதே காலையில்தான். பனிக்குடம் உடைந்து, பிள்ளையின் தலைமுடி தெரிகிற அளவுக்கு வந்து, அதோடு நின்றது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் பிரேமலதா ஊருக்குள்ளேயே இருந்ததால் அவளும் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டாள், தனக்குத் தெரிந்த அத்தனையும் செய்தாள், வேனில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள், வேன் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. முதலில் அந்தக் கத்தலைக் கேட்டு ஊரே வாசலில் வந்து நின்றது, மெழுகுவர்த்தி ஏற்றியது, நேர்ச்சை நேர்ந்தது. அப்புறம் கத்தும்போது பேச்சை நிறுத்தி, ஓய்ந்ததும் தொடர்ந்தார்கள். அப்புறம் நிறுத்துவதும் இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது ஒரு பக்கம், பழகப் பழக அடுத்தவர் வலி காதில் விழாது என்பது இன்னொரு பக்கம், புன்னைத்துறை நல்ல ஊர்தான், ஆனாலும் ஊர்.

டெல்பினுக்கு மட்டும் பழகவில்லை, சுவர் அவளுடைய சுவர். ஜாக்குலின் கத்தும்போதெல்லாம் அவள் ஸ்டூலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கோட்டை முறைத்தாள், நகரு நகரு என்று வாய்க்குள் சொன்னாள். அப்படி ஒரு மத்தியானம், கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய கேள்வித்தாளைத் தேடுவதற்காகக் கறுப்புத் திரையைக் கொஞ்சம் சுருக்கினாள். அதன் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

உலகத்தில் ஒருத்தரும் படிக்காத நீளமான ஒப்பந்தம் ஒன்று அதில் கிடந்தது, அதற்கு அடியில் ஒரு கேள்வி, மேற்கொண்டு முடிக்கலாமா என்று, ஆம் என்றால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் வேறொரு எழுத்து. அன்றைக்கு வெள்ளைத் துண்டுக்கு அடியில், எல்லாரும் முழங்காலில் நின்ற நேரத்தில், அது வந்து கேட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை, பெரிய திரைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. குழாயில் காற்றும் நிற்கவில்லை, சாபமும் இல்லை. இத்தனை நாளும் அது அவள் சொல்லப்போகும் ஒரு சம்மதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

அவள் விரல் அந்த எழுத்தின் மேல் போனது. கட்டிலில் கஸ்பார் இருமினார், எப்போதும் இருமுகிற இருமல்தான். அவள் கறுப்புத் திரையை இழுத்துப் பெட்டியை மறுபடி மறைத்துவிட்டு, எழுந்துபோய் அவருக்கு வெந்நீர் வைத்தாள்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரத்தினத்தக்கா அந்த நிமிஷமே அமுக்கச் சொல்வாள், சொல்லத்தானே செய்வாள். அமுக்கினால் பிள்ளை பிறக்கும், சாமியாருக்கு ஆமென் வரும், அப்பா போவார். இதில் எது சரி என்று கண்டுபிடிக்கக் கல்லூரி படிக்க வேண்டியதில்லை, டெல்பினுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளைக் கட்டிப்போட்டது வேறொன்று. அப்பாவின் சளிச் சட்டியைக் கழுவிய எத்தனையோ விடியற்காலைகளில், இவர் போய்விட்டால் நான் என்று ஆரம்பித்து ஒரு வாழ்க்கையை அவள் மனசுக்குள் கட்டியிருந்தாள், அதில் ஒரு அறை இருந்தது, மைக்ராஸ்கோப் இருந்தது, ராத்திரி முழுக்கத் தூக்கம் இருந்தது. நினைத்துவிட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறாள். இப்போது அந்த நினைப்புக்கு நேராக ஒரு எழுத்தை வைத்து அமுக்கலாமா என்று கேட்டால், அமுக்குகிற விரல் ஜாக்குலினுக்காக அமுக்குகிறதா அல்லது அந்த அறைக்காகவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் அந்த ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். கொச்சிக்குப் படம் அனுப்பக் கடைசித் தேதியும் வந்து நின்றது.

அன்று பிற்பகல் ஜாக்குலினின் சத்தம் நின்றது. பிள்ளை பிறந்துவிட்டதோ என்று டெல்பின் சுவரில் காதை வைத்தாள், பிள்ளைச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ரத்தினத்தக்கா வாசலில் வந்து நின்றாள். எப்போதும் வந்ததும் கோட்டைப் பார்க்கிறவள் அன்று பார்க்கவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள்.

"ஒன்ட்ட எதுவும் கேக்க வரல டெல்பி. கத்துததுக்கும் அவளுக்குத் தெம்பு இல்ல, கண்ண மட்டும் தொறந்துக்கிட்டுக் கெடக்கா. கோயிலுக்குப் போயி, எம்புள்ளய எடுத்துக்கிடும்மான்னு மாதாட்ட சொல்லிட்டு வாரேன். பெத்தவ சொல்லுத பேச்சா இது? அதுவும் நடக்காதாம், நர்ஸ் சொல்லுதா. இந்த ஊர்ல சாவும் வராதாம், வலி மட்டுந்தான் இருக்குமாம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். டெல்பின் கதவைச் சாத்தினாள். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கறுப்புத் திரையை ஒதுக்கிப் பெட்டியை முன்னால் கொண்டுவந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, இதுல ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கி."

"தெரியும். அன்னைக்கு நீ பாத்துட்டு மூடுனத நானும் பாத்தேன்லா." கஸ்பார் கண்களை மூடிக்கொண்டார். "அமுக்காத டெல்பி. எனக்குப் பயமா இருக்கு."

கடலில் எஞ்சின் நின்றுபோன வள்ளங்களுக்குப் புயலில் நீந்திப்போய்ப் பழுது பார்த்தவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர் அவர், பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த வீட்டில் ஜாக்குலின் எப்படிக் கிடக்கிறாள் என்பதையும் ரத்தினத்தக்கா கோயிலில் என்ன கேட்டாள் என்பதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஓடிக்கொண்டிருந்த நூல் மூச்சில் ஒன்று கேட்டார்.

"அவளுக்காவவா அமுக்கப் போற? கொச்சிக்காவவா?"

"தெரியலப்பா," என்றாள் டெல்பின். "சத்தியமாத் தெரியல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள், திருப்பவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையால் அவருடைய கையைப் பிடித்தாள். அந்தக் கை அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. வலது கையால் அவள் ஆம் என்ற எழுத்தை அமுக்கினாள்.

விரற்கடை நிறைந்தது. ஊர் முழுக்க உலைகளில் சோறு வெந்து குழைந்தது, டீக்கடையில் பால் வழிந்து அடுப்பை அணைத்தது, கடலில் வலைகளின் மடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது, கோயிலை ஒட்டிய தன் பங்களாவில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமியார் வாயில் சோற்றோடு ஆமென் என்று உரக்கச் சொன்னார், குழாயடியில் அந்த இரண்டு குடும்பமும் எதற்காகச் சண்டை போட்டோம் என்று தெரியாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. கஸ்பாருக்கும் அது கேட்டது. என்ன பிள்ளை என்பதுபோல் அவர் புருவத்தைத் தூக்கினார், டெல்பின் சுவரைத் தட்டிக் கேட்டாள், பொட்டப்பிள்ளை என்று நர்ஸ் பிரேமலதா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

கஸ்பார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"டெல்பி," என்றார், "அந்த..."

அவ்வளவுதான். ஊரில் எல்லாமே முடிந்துபோன அந்த நேரத்தில் அவர் சொல்ல வந்தது மட்டும் முடியவில்லை. அவள் குனிந்து அவர் வாயருகே காதை வைத்துக் காத்திருந்தாள், கையைப் பிடித்தபடியே வெகுநேரம் காத்திருந்தாள், கை குளிர்ந்த பிறகும் காத்திருந்தாள்.

அடக்கத்துக்கு வந்த சனம் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கத் தங்களால் ஆன மட்டும் உதவியது. அந்த ஜன்னலைச் சாத்து என்று சொல்ல வந்திருப்பார், காற்று அவருக்கு ஆகாது என்றார்கள் சிலர். அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டு என்று சொல்ல வந்திருப்பார் என்றாள் ரத்தினத்தக்கா, பேத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் காலடியில் கிடத்தவும் செய்தாள். அந்த எழுத்தை அமுக்கிய கை விளங்காது என்று சொல்ல வந்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எழுத்து விஷயம் யாருக்கும் தெரியாது, டெல்பின் மட்டும் அதை ஒவ்வொரு ராத்திரியும் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். சடலத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோது அவள் திரையைப் படம் எடுத்துக் கொச்சிக்கு அனுப்பியதை ஜன்னல் வழியாக யாரோ பார்த்துவிட்டார்கள், அப்பன் சூடு ஆறும் முன்னே போட்டோ எடுக்கிறாள் பார் என்று அது தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. படம் கிடைத்ததும் கொச்சியிலிருந்து நன்றி, உங்கள் இடம் உறுதி என்று வந்தது.

பஸ் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது, ரயில் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பயிலரங்கத்தில் குளிர்ந்த பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக லேப்டாப்களைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் தன் பேரைச் சொன்னார், நல்வரவு சொன்னார், பிறகு பாடத்தைத் தொடங்கும் முன், யாருக்காவது ஏதாவது முடியாமல் பாதியில் நிற்கிறதா, நின்றால் கையைத் தூக்குங்கள் என்றார்.

டெல்பின் கையைத் தூக்கினாள்.

அவர் அவள் மேசைக்கு வந்து குனிந்து, இதை ஓட்டிப் பார்த்தார், அதை ஓட்டிப் பார்த்தார், பைத்தானைத் திறந்து மூடினார், ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் முழுசாக ஏறியிருக்கிறது மேடம், இதில் எதுவும் மிச்சம் இல்லை என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.